புயல் வரும் ஊரில் மகன் வீடு வாங்கலாமா?

கேள்வி: நான் கானாடுகாத்தானில் வசிக்கிறேன். வயது எழுபதைக் கடந்துவிட்டது. என் மகன் குடும்பத்துடன் அமெரிக்காவில், ஹூஸ்டன் நகருக்கு மேற்கே கேட்டி என்ற பகுதியில் வாடகை வீட்டில் இருக்கிறான். அங்கேயே சொந்த வீடு ஒன்று பார்த்திருக்கிறான். முன்பணத்தில் ஒரு பங்கை நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஊர் வெள்ளத்தில் மிதப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து மனம் பதறுகிறது. கடல் பொங்கி ஊரை அழித்ததால்தான் நம்மவர்கள் காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு இந்தச் சீமைக்கு வந்தார்கள் என்று எங்கள் ஐயா சொல்லுவார். என் மகனோ மறுபடியும் கடல் பக்கமே போய்ச் சேர்ந்திருக்கிறான். வெள்ள வரைபடத்தில் அந்த வீடு ஆபத்தான இடத்தில் இல்லை, காப்பீடும் இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்கிறான். அவனைத் தடுக்க வேண்டுமா, விட்டுவிடலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். கஜா புயலில் எங்கள் வளவு வீட்டின் ஓடுகள் பறந்துவிட்டன. ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்கிறார்கள். போடலாமா?
— ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி அவர்களுக்கு வணக்கம். மகனைத் தடுக்க வேண்டாம். ஆனால் பணம் அனுப்புவதற்கு முன் சில தாள்களை அவரிடம் கேட்டு வாங்குங்கள். அவர் உங்களுக்குச் சொன்ன இரண்டு சமாதானங்களில், வரைபடம் பற்றியது பாதி உண்மை. காப்பீடு பற்றியது, அவர் சாதாரண வீட்டுக் காப்பீட்டைச் சொல்கிறார் என்றால், தவறான நம்பிக்கை. இரண்டையும் விளக்குகிறேன்.

புயலோடு காற்றும் வருகிறது, தண்ணீரும் வருகிறது. கட்டடத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இவை இரண்டும் ஒரே ஆபத்து அல்ல. காற்றைத் தாங்கும்படி வீட்டைக் கட்ட முடியும். ஏற்கெனவே கட்டிய வீட்டைக்கூடப் பெருமளவு பலப்படுத்த முடியும். தண்ணீர் விஷயத்தில் வீட்டின் தரத்தைவிட அது நிற்கும் நிலத்தின் மட்டம்தான் பெரிது. தாழ்ந்த இடத்தில் கட்டிய நல்ல வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரத்தான் செய்யும், அதன் பிறகு என்ன செலவு செய்தாலும் அந்த இடம் உயரப்போவதில்லை. ஆகவே உங்கள் மகனிடம் வீட்டின் அழகையும் அறைகளின் எண்ணிக்கையையும் கேட்பதற்கு முன்னால் அந்த நிலத்தின் கதையைக் கேட்க வேண்டும்.

ஹூஸ்டனின் அனுபவமே இதற்குச் சான்று. 2001 ஜூனில் அந்நகரை மூழ்கடித்த ஆலிசன், காற்று வேகத்தில் ஹரிக்கேன் என்ற நிலையைக்கூட எட்டாத புயல். 2017 ஆகஸ்ட் 25 அன்று டெக்சாஸ் கடற்கரையில் ராக்போர்ட் அருகே கரை கடந்த ஹார்வி, கரை கடந்தபோது நான்காம் நிலைப் புயலாக இருந்தாலும், ஹூஸ்டனில் பேரழிவை ஏற்படுத்திய நாட்களில் அதன் காற்று வெகுவாகத் தணிந்திருந்தது. நகராமல் நின்று நாட்கணக்கில் பெய்ததுதான் அழிவுக்குக் காரணம். ஹூஸ்டனுக்குக் கிழக்கே நெடர்லாந்து என்ற ஊரில் அந்தப் புயலின்போது பதிவான மழை 60 அங்குலத்துக்கும் மேல், அதாவது 1,500 மில்லிமீட்டரைத் தாண்டியது. நம் சிவகங்கை மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 900 மில்லிமீட்டர்தான். அங்கே புயல்களை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிக்கும் அளவுகோல் காற்று வேகத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறது, மழையை அது அளப்பதில்லை. எனவே செய்தியில் "ஒன்றாம் நிலைப் புயல்தான்" என்று கேட்டு நிம்மதி அடைவதும், "நான்காம் நிலை" என்று கேட்டு இங்கிருந்து நடுங்குவதும் தண்ணீரைப் பொறுத்தவரை பொருளற்றவை.

இனி வரைபடத்துக்கு வருகிறேன். அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் நிறுவனமான ஃபீமா வெளியிடும் வெள்ள வரைபடங்களில், எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் வர நூற்றுக்கு ஒரு பங்கு வாய்ப்புள்ள நிலத்தை ஆபத்துப் பகுதி என்று குறித்திருப்பார்கள். இதையே பேச்சு வழக்கில் நூறாண்டு வெள்ளம் என்கிறார்கள். நூறு ஆண்டுக்கு ஒருமுறைதானே என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வீட்டுக்கடன் முப்பது ஆண்டுகளுக்கு எடுக்கப்படுகிறது என்பதை வைத்துக் கணக்கிட்டால், அந்தக் காலத்துக்குள் ஒருமுறையாவது வெள்ளம் வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கோட்டுக்கு வெளியே தண்ணீர் வராது என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. ஹார்வியின்போது, ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுன்டியில் வெள்ளம் புகுந்த சுமார் ஒன்றரை லட்சம் வீடுகளில் பாதிக்குச் சற்றே குறைவானவை, நூறாண்டுக் கோட்டுக்கு மட்டுமல்ல, அதைவிட அகலமான ஐந்நூறாண்டுக் கோட்டுக்கும் வெளியே இருந்தவை. ஆற்று வெள்ளத்தையும் கடல் ஏற்றத்தையும் கணக்கிடும் வரைபடம், தெரு வடிகால் நிரம்பி வாசலேறும் மழைநீரைப் போதுமான அளவு காட்டுவதில்லை என்பது அதற்கு ஒரு காரணம்.

கேட்டி என்று எழுதியிருந்ததால் இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இது உங்களுக்கு எளிதில் புரியும், ஏனென்றால் நீங்கள் கண்மாய் பார்த்து வளர்ந்தவர். ஹூஸ்டனின் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு மண்கரை நீர்த்தேக்கங்கள் உண்டு. 1929-லும் 1935-லும் நகரம் வெள்ளத்தில் மூழ்கிய பிறகு, அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை 1940-களில் அவற்றைக் கட்டியது. மற்ற நாட்களில் அவை வறண்டு கிடக்கும். உள்ளே பூங்காவும் நடைபாதையும் விளையாட்டுத் திடலும் இருக்கும். பெருமழையின்போது மட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்து, பஃபலோ பாயு என்ற ஓடை வழியாக மெல்ல வெளியே விடும். கோடையில் மாடு மேயும் நம் கண்மாய் உள்வாய், அதாவது கரைக்கு உட்பக்கம் தண்ணீர் நிற்கும் பரப்பு, எப்படியோ அப்படித்தான் இதுவும். சிக்கல் என்னவென்றால், தண்ணீர் ஏறக்கூடிய முழு மட்டம் வரைக்குமான நிலத்தை அரசு வாங்கி வைக்கவில்லை. மீதியைத் தனியார் வாங்கி மனை பிரித்து விற்றார்கள்; ஆயிரக்கணக்கான வீடுகள் எழுந்தன. 2017-இல் கரைக்குள் தண்ணீர் ஏறியபோது அந்த வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. தண்ணீர் கட்டுக்கடங்காமல் கரையைச் சுற்றி வழியும் என்ற அச்சத்தில் ஆகஸ்ட் 28 அன்று மதகைத் திறந்தபோது, கரைக்குக் கீழே ஓடையோரம் இருந்த வீடுகளும் மூழ்கின. உள்வாய்ப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கில் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் கூறியது. தீர்ப்புக் கிடைத்தது என்பதற்காக அப்படிப்பட்ட மனையை வாங்குவதில் அர்த்தமில்லை. பார்க்கர் தேக்கத்தின் உள்வாய்ப் பக்கத்தில் சில மனைப்பிரிவு வரைபடங்களில் இந்த நிலம் நீரில் மூழ்கக்கூடும் என்ற குறிப்பே இருந்திருக்கிறது. வாங்கியவர்களில் மிகப் பலர் அதைப் பார்க்கவில்லை. கண்மாய் உள்வாயையும் வரத்துக்காலையும் தூர்த்து மனை போட்டு, "நகருக்கு மிக அருகில்" என்று பலகை வைப்பது நம் காரைக்குடிப் பக்கத்து வித்தை மட்டுமல்ல என்று இதிலிருந்து தெரிகிறது.

ஆகவே நீங்கள் மகனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த வீடு பார்க்கர் அல்லது ஆடிக்ஸ் தேக்கத்தின் வெள்ள நீர் பரவும் எல்லைக்குள் வருகிறதா என்பது. டெக்சாஸ் மாநிலத்தில் 2019 செப்டம்பர் 1 முதல், ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்த வீட்டை விற்பவர், அந்த வீட்டில் முன்பு வெள்ளம் புகுந்ததா, அது நூறாண்டு அல்லது ஐந்நூறாண்டு வெள்ளப் பகுதியில் உள்ளதா, நீர்த்தேக்கத்தின் வெள்ள எல்லைக்குள் உள்ளதா என்பதையெல்லாம் தமக்குத் தெரிந்தவரை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தின் நகலை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டிய வீடு என்றால் இந்தப் படிவம் பொருந்தாது. அப்போது மனைப்பிரிவு வரைபடத்தின் குறிப்புகளையும், உரிமம் பெற்ற அளவையாளர் கொடுக்கும் உயரச் சான்றிதழையும் கேட்க வேண்டும். அந்தச் சான்றிதழில் இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும்: நூறாண்டு வெள்ளத்தின் நீர்மட்டம் ஒன்று, வீட்டின் தரைமட்டம் மற்றொன்று. தரைமட்டம் எத்தனை அடி மேலே இருக்கிறதோ அவ்வளவுக்கு நிம்மதி. ஹார்விக்குப் பிறகு ஹூஸ்டன் மாநகராட்சி, தன் எல்லையில் வெள்ளப் பகுதிகளில் எழும்பும் புதுக் கட்டடங்கள் ஐந்நூறாண்டு வெள்ள மட்டத்துக்கும் இரண்டு அடி மேலே இருக்க வேண்டும் என்று 2018-இல் விதித்தது. கேட்டியின் பெரும்பகுதி அந்த மாநகராட்சி எல்லைக்குள் வராது என்றாலும், மகன் பார்த்திருக்கும் வீட்டுக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. இவற்றோடு, அந்தத் தெருவில் 2017-க்கு முன்பிருந்தே வசிக்கும் யாராவது ஒருவரிடம் மகன் நேரில் பேச வேண்டும். எந்தச் சான்றிதழும் சொல்லாததைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

"தண்ணீர் வந்தால் வடிந்துவிடப் போகிறது, கழுவிவிட்டால் ஆயிற்று" என்று நமக்குத் தோன்றும். நம் வளவு வீட்டில் அது பெருமளவு உண்மை. கருங்கல் தூண், சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஆகியவை நனைந்தாலும் காய்ந்துவிடும். அங்குள்ள வீடு வேறு வகை. மரச்சட்டத்தின் உட்பக்கம் ஜிப்சம் பலகை அடித்து, வெளிச்சுவரானால் சட்டத்தின் நடுவே கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்துச் சுவராக்கியிருப்பார்கள். ஓர் அடித் தண்ணீர் நின்றால் பலகை அதை மேலே மேலே உறிஞ்சிக்கொள்ளும். ஓரிரு நாளில் உட்புறம் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதனால் தண்ணீர் வடிந்ததும் சுவரை நான்கடி உயரத்துக்கு அறுத்து வெளியே போடுவார்கள். ஹார்விக்குப் பின் ஹூஸ்டன் தெருக்களில் வீட்டு வாசல்தோறும் குவிந்து கிடந்தவை பெரும்பாலும் இந்தப் பலகைகளும் ஈரமான தரைவிரிப்புகளுமே. ஓர் அங்குலத் தண்ணீரே 25,000 டாலர் வரை சேதம் விளைவிக்கக்கூடும் என்று ஃபீமா சொல்வது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் காப்பீடு வருகிறது. அங்கே சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை. காற்று கூரையைப் பிய்த்து அந்த வழியே மழை உள்ளே வந்தால் பணம் கிடைக்கும்; தெருவிலிருந்து தண்ணீர் வாசல்படி ஏறி வந்தால் கிடைக்காது. அதற்கென்று தனி வெள்ளக் காப்பீடு எடுக்க வேண்டும். 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டின் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலரும் உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலரும் தருவார்கள். அதற்கு மேல் வேண்டுமானால் தனியார் நிறுவனங்களிடம் வாங்கலாம். ஆபத்துப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடமானால் கடன் தரும் வங்கியே இதைக் கட்டாயமாக்கும். அந்தப் பகுதிக்கு வெளியே இருந்தால் வங்கி கேட்காது. வங்கி கேட்கவில்லையே என்று மக்கள் எடுப்பதில்லை. உங்கள் மகன் சொன்ன சமாதானத்தில் எனக்குள்ள ஐயம் இதுதான். கோட்டுக்கு வெளியே உள்ள வீட்டுக்கு இந்தக் காப்பீட்டின் கட்டணமும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கட்டணம் செலுத்திய நாளிலிருந்து முப்பது நாள் கழித்தே அது நடைமுறைக்கு வரும் என்பதால், புயல் சின்னம் உருவான செய்தி கேட்டு ஓடிப்போய் எடுக்க முடியாது; வீட்டுக்கடனோடு சேர்த்து அப்போதே எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. முன்பணத்தில் உங்கள் பங்கைக் கொடுப்பதற்கு நீங்கள் ஒரே ஒரு நிபந்தனை விதிப்பதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும். காற்றுக்கான காப்பீட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு: அதில் நாமே ஏற்க வேண்டிய தொகையைச் சேதத்தின் அளவில் அல்லாமல், வீட்டின் காப்பீட்டு மதிப்பில் சதவீதமாக வைத்திருப்பார்கள். நான்கு லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு இரண்டு சதவீதம் என்றால் முதல் 8,000 டாலரை மகன்தான் போட வேண்டும்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால் சுவரின் மீதும் கூரையின் மீதும் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட, கீழிருந்து தூக்குவதுதான் காற்றின் பெரிய வேலை. ஆகவே வீடு பார்க்கப் போகும்போது மகன் ஒரு டார்ச் விளக்கோடு பரணில் ஏறி, கூரையின் கைமரம் சுவரின் மேல்சட்டத்தில் உட்காரும் இடத்தைப் பார்க்கட்டும். அங்கே வெறும் ஆணி மட்டும் அடித்திருக்கிறதா, அல்லது இரண்டையும் சேர்த்துக் கட்டும் இரும்புப் பட்டை இருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். பட்டை இல்லாவிட்டால் பின்னர் பொருத்திக்கொள்ளலாம். அடுத்துப் பார்க்க வேண்டியது கார் நிறுத்தும் அறையின் அகலமான கதவு. பலவீனமான அந்தக் கதவு உள்வாங்கினால் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையை உள்ளிருந்தே தூக்கும்; காற்றைத் தாங்கும் தரச்சான்று பெற்ற கதவாக அதை மாற்றுவது, முழுக் கூரையை மாற்றுவதோடு ஒப்பிட்டால் சிறிய செலவு. நான்கு பக்கமும் சரிந்த கூரை, இரண்டு பக்கம் மட்டும் சரிந்து இரு முனையிலும் முக்கோணச் சுவர் நிற்கும் கூரையைவிடக் காற்றை நன்றாகத் தாங்கும்.

அங்கே புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஒவ்வொரு புயலுக்கும் மகன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்தாதீர்கள். 2005 செப்டம்பரில் ரீட்டா புயலுக்குப் பயந்து ஹூஸ்டன் பகுதியிலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சாலையில் இறங்க, நெரிசலிலும் வெப்பத்திலும் விபத்திலும் சிக்கி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கேட்டி கடலிலிருந்து வெகு உள்ளே இருக்கிறது. கடல்நீர் அங்கே ஏறி வராது. பலமான வீடாக இருந்தால் காற்றை வீட்டுக்குள் இருந்தே கழிப்பதுதான் அங்கு பெரும்பாலும் சரி. வெளியேறும்படி அதிகாரிகள் உத்தரவிட்டாலோ, தேக்கத்தின் நீர்மட்டம் ஏறுவதாக அறிவித்தாலோ மட்டும் தாமதிக்காமல், பகல் வெளிச்சத்திலேயே கிளம்ப வேண்டும். தண்ணீர் ஓடும் சாலையில் காரை இறக்கவே கூடாது. ஓரடித் தண்ணீர் பல கார்களை மிதக்க வைத்துவிடும், இரண்டடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போய்விடும். 2024 ஜூலை 8 அன்று கரை கடந்த பெரில், ஒன்றாம் நிலைப் புயலாக இருந்தும் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மின் இணைப்புகளைத் துண்டித்தது. கடும் வெயிலில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, கார் அறையிலோ, சன்னல் அருகிலோ வைத்து ஓட்டி, மணமில்லாத கார்பன் மோனாக்சைடு வாயுவால் உயிரிழப்பவர்கள் உண்டு. இதை ஒருமுறை அழுத்திச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு சொல்: புயல் நேரத்தில் தொலைபேசி கிடைக்காவிட்டால் அது மின்சாரமும் கோபுரமும் போனதால்தான் இருக்கும். வேறு ஊரில், டல்லாஸ் போன்ற இடத்தில், உறவினர் ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டு, மகன் அவருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது, அவர் உங்களுக்குச் சொல்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றி உங்கள் ஐயா சொன்னது செவிவழியாக வந்த செய்தி. அதன் வரலாற்று உண்மையைத் தீர்மானிப்பது என் தொழில் அல்ல. ஆனால் உயரமான அடித்தளம், முற்றத்தில் விழும் மழையை வெளியேற்றும் வடிகால், அதை வாங்கிக்கொள்ளும் தெரு வாய்க்கால், கடைசியில் ஊருணி என்று இங்கே ஊரையே ஒரு வாட்டத்தில் அமைத்திருக்கிறார்கள் என்பதை அளவுகோலோடு நின்று என்னால் சொல்ல முடியும். உங்கள் வீட்டுக் கூரைக்குக் கான்கிரீட் வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் அதுவே ஒரு காரணம். வளவைச் சுற்றிச் சரிந்த ஓட்டுக் கூரை மழையை முற்றத்துக்குக் கொடுக்கிறது. தட்டையான தளம் போட்டால் தண்ணீர் வேறு வழி தேடும், இலை அடைத்த குழாயில் தேங்கும், சுவருக்குள் இறங்கும். எடையும் உண்டு. நான்கு அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய சுவரிலும் மரத்தூணிலும் அதை ஏற்றுவதற்கு முன் கணக்குப் பார்க்காமல் யாராவது சம்மதித்தால், அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, புதுக்கோட்டை மாவட்டத்தைக் கடந்து வந்தபோது, ஓட்டுக் கூரைகளில் முதலில் பறந்தவை விளிம்பு ஓடுகளும் முகட்டு ஓடுகளும்தான். நடுவில் உள்ளவற்றை ஒன்றன் எடை மற்றொன்றைப் பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் பிடிப்பு இல்லை. எனவே முழுக் கூரையையும் பிரிக்காமல், விளிம்பில் இரண்டு மூன்று வரிசையையும் முகட்டையும் மட்டும் எடுத்து, கீழே ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டங்கள் உளுத்திருந்தால் மாற்றி, ஓடுகளைச் சுண்ணாம்புக் காரையில் பதித்து வைக்கச் சொல்லுங்கள். சிமென்ட் கலவை பழைய ஓட்டைவிடக் கடினமானது. விரிசல் விட்டு ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். கைமரமும் அது உட்காரும் உத்தரமும் சேரும் இடத்தில் இரும்புப் பட்டை அடிக்கலாம், வெளியே தெரியாது. கூரைக்கு மேல் நீண்டிருக்கும் வேப்பங் கிளைகளைக் கழித்துவிடுங்கள்; ஓடுகள் பல உடைவது காற்றால் அல்ல, கிளை விழுந்துதான். முற்றத்து வடிகாலில் நாலைந்து குடம் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றி, தெருப் பக்கம் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பாருங்கள். தயங்கித் தயங்கி வந்தால் கொத்தனாரை விட்டு மூடுகல்லைத் தூக்கித் தூர் எடுக்கச் செய்யுங்கள். இவ்வளவையும் ஆவணிக்குள் முடித்துவிட்டால் ஐப்பசி மழைக்கு அவசரப்பட வேண்டியதில்லை. கூரையிலிருந்து இறக்கும் ஓடுகளில் முழுதாக இருப்பவற்றை வியாபாரிக்குக் கொடுத்துவிடாமல் பின்கட்டில் அடுக்கி வையுங்கள். அந்த அளவில் ஓடு இப்போது தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை.